முன்கூட்டியே சொன்னவரின் வழக்கு

தேர்ச்சிக்கு 14 மதிப்பெண் வேண்டும். அவர் எடுத்தது 12. இரண்டு மதிப்பெண்ணில் வேலை கைநழுவிப் போவது நமக்குப் புதிதில்லை. அரை மதிப்பெண்ணில் குரூப் தேர்வைக் கோட்டைவிட்டவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு மதிப்பெண்ணுக்காக ஒரு வழக்கு நடந்தது. அதில் பிரிட்டிஷ் அரசின் சட்டத் துறை தோற்றது, மேல்முறையீடு போனது, 2017 மார்ச்சில் அங்கேயும் தோற்றது.

நான் சென்னையில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் ஆள் எடுக்கிற வேலையில் இருக்கிறேன். “ஆட்டிசம் இருக்கிறதை கம்பெனியில சொல்லலாமா?” என்ற கேள்வி வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது என்னிடம் வருகிறது. நேராக வருவது குறைவு. அக்கா மகனுக்காக, ஃபிரண்டோட பெண்ணுக்காக என்று சுற்றிக்கொண்டுதான் வரும். எல்லோரும் கேட்பது சொல்வதா, மறைப்பதா என்பதைத்தான். சொல்லி முடித்த அடுத்த நிமிடம் என்ன ஆகும் என்று கேட்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த அடுத்த நிமிடத்துக்காகத்தான் இந்த வழக்கை எடுத்துக்கொண்டேன். இதில் விண்ணப்பித்தவர் சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டிய நேரத்தில், என்ன மாற்றம் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் எல்லாம் நடந்தது.

அவர் பெயர் தீர்ப்பின் தலைப்பிலேயே இருக்கிறது. நான் இங்கே எழுதவில்லை. ஒரு காலத்தில் வேலை கேட்டுப் போனவர் ஆயுசு முழுக்க அந்தத் தலைப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் இதற்கு ‘மதியிறுக்கம்’ என்ற சொல் புழங்குகிறது. அரசுப் படிவங்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்றுகூடப் பார்த்திருக்கிறேன். வேலை கேட்டு வருகிறவர் “எனக்குப் புற உலகச் சிந்தனை கிடையாது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் எந்த மேனேஜர் கூப்பிடுவார்? ஆட்டிசம் என்றே வைத்துக்கொள்கிறேன். வழக்கில் வருவது ‘ஆஸ்பெர்கர்’ என்ற பெயர். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அந்தத் தனிப்பெயரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஆட்டிசம் என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தது. அதற்கு முன் பரிசோதனை செய்துகொண்டவர்கள் பலரின் காகிதங்களில் பழைய பெயர்தான் நிற்கிறது.

நடந்தது

கவர்ன்மென்ட் லீகல் சர்வீஸ் என்பது பிரிட்டனில் அரசுத் துறைகளுக்காக வேலை செய்யும் வழக்கறிஞர்களின் அமைப்பு. அங்கே சொலிசிட்டர் என்கிற வழக்கறிஞர் ஆக வேண்டுமானால், அன்றைய முறைப்படி, சட்டம் படித்து முடித்தபின் எங்காவது இரண்டு வருடப் பயிற்சிப் பணி கிடைக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் பட்டம் சுவரில் தொங்கும். இந்த அமைப்பு எடுப்பதோ முப்பத்துச் சொச்சம் பேர், விண்ணப்பிப்பது ஆயிரக்கணக்கில். முதல் சல்லடை கம்ப்யூட்டர். ‘சிச்சுவேஷனல் ஜட்ஜ்மென்ட் டெஸ்ட்’ என்ற கொள்குறித் தேர்வு. அலுவலகத்தில் நடக்கக்கூடிய ஒரு சூழ்நிலையைச் சொல்லி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, கீழே விடைகளைக் கொடுத்திருப்பார்கள். அதில் தேறினால்தான் அடுத்த தேர்வு.

2015 கோடையில், விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே, இவர் அந்த அமைப்புக்கு எழுதினார். எனக்கு ஆஸ்பெர்கர் இருக்கிறது, கொள்குறி வடிவம் எனக்குச் சிக்கல், அதே கேள்விகளுக்கு இரண்டு மூன்று வரியில் எழுதிப் பதில் தர அனுமதியுங்கள் என்பதுதான் விஷயம். கேள்வியை மாற்றச் சொல்லவில்லை. தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைக்கவும் சொல்லவில்லை. டிக் அடிக்கிற இடத்தில் எழுதுகிறேன் என்றார், அவ்வளவுதான்.

வேறு வடிவம் கிடையாது என்று பதில் வந்தது. கூடுதல் நேரம் பற்றி வேண்டுமானால் பார்க்கலாம் என்கிற மாதிரி ஒரு வரியும் இருந்தது.

அந்தப் பதிலைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது, ஏனென்றால் அதே பதிலை நானும் அனுப்பியிருக்கிறேன். எங்கள் விண்ணப்பப் பக்கத்தில் ‘சிறப்புத் தேவை ஏதும் உண்டா’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதை அழுத்தினால் மூன்று விடை இறங்கும்: வீல்சேர், சொல்வதை எழுத ஆள், கூடுதல் நேரம். இந்த மூன்றுக்குள் அடங்காத தேவை ஒருவருக்கு வந்தால், ‘கூடுதல் நேரம்’ என்பதில் தள்ளிவிட்டு கடமை முடிந்ததாக நினைத்துக்கொள்வோம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பட்டியலில் இருப்பதைத்தான் கொடுக்க முடியும் என்று பட்டியலே நமக்குப் பழக்கிவிடுகிறது. கால் வலிக்கிறது என்று வந்தவனுக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிற வேலைதான்.

அவர் வேறு வழியில்லாமல் எல்லோரையும் போல அந்தத் தேர்வையே எழுதினார். 12 வந்தது.

ஒரு கேள்வியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

டிக் அடிப்பதற்கும் எழுதுவதற்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் டிக் அடிப்பதுதான் சுலபம். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். இது அந்தத் தேர்வில் வந்தது இல்லை, அந்த வகையில் நானே எழுதிப் பார்த்தது:

உங்கள் மேலதிகாரி இரண்டு நாள் விடுப்பில் இருக்கிறார். அவர் நாளைக்கு அனுப்பச் சொன்ன அறிக்கையில் ஒரு பிழையைப் பார்க்கிறீர்கள். என்ன செய்வீர்கள்? அ) பிழையைத் திருத்தி அனுப்புவேன். ஆ) மேலதிகாரிக்குப் போன் செய்வேன். இ) பக்கத்து சீட்டில் இருக்கும் சீனியரிடம் கேட்பேன். ஈ) அறிக்கையை நிறுத்திவைப்பேன்.

நமக்கு இதில் ஒன்று சட்டென்று பிடிபட்டுவிடும். அந்த ‘சட்டென்று’ எங்கிருந்து வருகிறது? கேள்வியில் இல்லாத பாதியை நாமாகவே நிரப்பிக்கொள்கிறோம். பிழை சின்னதாகத்தான் இருக்கும், மேலதிகாரி குலதெய்வக் கோயிலுக்குப் போயிருப்பார், போன் செய்தால் கடுப்பாவார், சீனியர் நல்ல மாதிரி, தேர்வை வைத்தவர் எதிர்பார்ப்பது ‘இ’. கேள்வித்தாளில் இதில் ஒரு வரிகூடக் கிடையாது. நம் தலை தானாகவே ஒரு நாடகம் போட்டு அதில் விடையைப் பார்த்துவிடுகிறது.

ஆட்டிசம் உள்ள பலருக்கு அந்த நாடகம் தானாக ஓடாது. என்ன பிழை, எழுத்துப்பிழையா கணக்குப்பிழையா? விடுப்பு என்றால் போன் செய்யக்கூடாது என்ற விதி அந்த அலுவலகத்தில் இருக்கிறதா? சீனியருக்கு அந்த அறிக்கையைப் பார்க்க அதிகாரம் உண்டா? நான்கு விடையுமே ஏதோ ஒரு சந்தர்ப்பத்தில் சரி, ஏதோ ஒரு சந்தர்ப்பத்தில் தப்பு. யோசிக்க யோசிக்க அது அவருக்குத் தெளிவாகத் தெரியும், ஆனால் அந்தத் தெளிவை எழுத இடம் கிடையாது. எழுதவிட்டால், “எழுத்துப்பிழை என்றால் நானே திருத்துவேன், தொகை மாறுகிறது என்றால் கூப்பிட்டுக் கேட்பேன்” என்று எழுதியிருப்பார். அரசு வழக்கறிஞர் வேலைக்கு நான் ஆள் எடுப்பதாக இருந்தால் அந்தப் பதிலை எழுதியவரைத்தான் எடுப்பேன்.

கற்பனையாகச் சொல்லப்படும் ஒரு நிலைமைக்குள் புகுந்து, இப்படி இருந்தால் அப்படி என்று யோசிப்பதில் ஆஸ்பெர்கர் உள்ளவர்களுக்கு இருக்கும் இந்தச் சிரமம்தான் வழக்கின் அடிப்படை. கூடுதல் நேரம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே நான்கு விடையை இன்னும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு கல்லூரியில் வளாக நேர்காணல் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் கொடுத்த ஆளுமைத் தேர்வில் ‘நான் வழக்கமாகக் குழுவோடு சேர்ந்து வேலை செய்வேன்’ என்று ஒரு வரி. ஆம், இல்லை. ஒரு பையன் கை தூக்கினான். “சார், வழக்கமாகன்னா நூத்துக்கு எத்தனை தடவை?” ஹாலே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, “தம்பி, யோசிக்காதீங்க, மனசுல பட்டதைப் போடுங்க” என்றேன். அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டான். அவனுக்கு ஆட்டிசமா என்று எனக்குத் தெரியாது, அதை ஊகிப்பது என் வேலையும் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த ஹாலில் கேள்வியைச் சரியாகப் படித்தவன் அவன் ஒருவன்தான். இந்தத் தீர்ப்பைப் படிக்கும் வரை அது எனக்கு உறைக்கவில்லை.

சட்டம் எந்த இடத்தில் பிடித்தது

பிரிட்டனின் சமத்துவச் சட்டம் 2010 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அன்றாட வேலைகளைக் கணிசமாகப் பாதிக்கிற, ஒரு வருடமாவது நீடிக்கிற நிலை என்றால் அதில் மாற்றுத்திறன் என்ற வரையறைக்குள் வந்துவிடும். சதவீதக் கணக்கு கிடையாது. வேலைக்கு எடுப்பதற்கு முன் உடல்நிலை பற்றி வேலை தருபவர் கேட்கக்கூடாது என்பது பொது விதி. ஆனால் தேர்வுமுறையில் மாற்றம் ஏதும் தேவையா என்று தெரிந்துகொள்ளக் கேட்கலாம். வேலை தருபவருக்கு விஷயம் தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை என்றால் மாற்றம் செய்து தரும் கடமையும் கிடையாது.

சொல்வதற்கு இருக்கிற பெரிய பலன் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. வாயைத் திறக்காதவரைக்கும் சட்டம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். சொன்ன கணத்தில் எழுந்து உள்ளே வரும். அதனால்தான் வாய்மொழியாகச் சொன்னாலும் அன்று மாலையே ஒரு மெயில் தட்டிவிடுங்கள் என்று கேட்பவர்களிடம் சொல்வேன். தேதி முக்கியம். இவர் வழக்கிலும், தேர்வுக்கு முன்பே எழுதிவைத்திருந்ததால் ‘எங்களுக்குத் தெரியவே தெரியாது’ என்ற வாதத்துக்கு அந்த அமைப்பால் போகவே முடியவில்லை.

வேலைத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் மூன்று குற்றச்சாட்டு நின்றது. ஒன்று மறைமுகப் பாகுபாடு. எல்லோருக்கும் ஒரே விதிதான், ஆனால் அந்த விதி ஒரு சாராரின் தலையில் மட்டும் இடிக்கிறது. வாசலின் உயரம் எல்லோருக்கும் ஒன்றுதான், நெட்டையன் தலைதானே வீங்குகிறது? இரண்டாவது, நியாயமான மாற்றத்தைச் செய்து தரவில்லை. மூன்றாவது, மாற்றுத்திறனின் விளைவாக வந்த ஒன்றுக்காக, இங்கே அந்த 12-க்காக, அவரை வெளியே தள்ளியது. மூன்றிலும் அவர் வென்றார்.

அமைப்பு சொன்ன வாதத்தை அலட்சியமாக ஒதுக்க முடியாது. அரசு வழக்கறிஞருக்குச் சரியான முடிவெடுக்கும் திறன் வேண்டும், அதைத்தான் இந்தத் தேர்வு அளக்கிறது. ஆயிரக்கணக்கான பேரைக் கம்ப்யூட்டர் திருத்தினால் பாரபட்சம் இருக்காது. ஒருவருடைய பதிலை மட்டும் மனிதர் படித்து மதிப்பெண் போட்டால் ஒப்பிடுவது எப்படி? இப்படி வாதிட்டார்கள். ஆள் எடுக்கிறவனாக எனக்கு இந்த வாதத்தின் வலி தெரியும். தீர்ப்பாயமும் நோக்கம் நியாயமானது என்று ஒத்துக்கொண்டது. முடிவெடுக்கும் திறனைச் சோதிப்பதில் தப்பே இல்லை. ஆனால் அதைச் சோதிக்க, இவ்வளவு பாதிப்பில்லாத இன்னொரு வழி, அதாவது அவர் கேட்ட அந்த இரண்டு மூன்று வரிப் பதில், இருந்தது. அப்படியிருக்க, ‘கொள்குறிதான், வேறு கிடையாது’ என்பது நோக்கத்துக்குப் பொருந்தாத பிடிவாதம் என்பதே முடிவின் சாரம்.

இங்கே நான் ஒன்றைப் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டேன். முடிவெடுக்கும் திறன் வேலைக்குத் தேவை. கொள்குறியில் விடையளிக்கும் திறன் வேலைக்குத் தேவையா? எந்த வழக்கறிஞரும் நீதிபதி முன்னால் நின்று ‘ஆ’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்வதில்லை.

நிரூபிப்பது

சொல்வது ஒரு பாடு, நிரூபிப்பது இன்னொரு பாடு. மருத்துவச் சான்று இவர் பக்கம் அடித்துச் சொல்லும்படி இருக்கவில்லை. ஆஸ்பெர்கர் இருப்பது தெரிகிறது, ஆனால் குறிப்பாக இந்தத் தேர்வில் இந்த மதிப்பெண் வந்ததற்கு அதுதான் காரணமா? ஆட்டிசம் இல்லாத எத்தனையோ பேரும்தானே தோற்றார்கள்? மேல்முறையீட்டில் அமைப்பு பிடித்துக்கொண்ட நூல் இதுதான்.

தீர்ப்பாயம் யோசித்த விதம் எளிமையானது. ஒரு திறமையான பெண் நம் முன்னால் நிற்கிறார். தேவையான மாற்றங்களோடு சட்டப் படிப்பை முடித்திருக்கிறார். தேர்ச்சிக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார். ஏன் எட்டவில்லை? அவருக்கு இருக்கும் நிலையும், அந்த நிலைக்கு இந்த வடிவம் கொடுக்கும் கூடுதல் சுமையும் பொருத்தமான விளக்கமாக இருக்கிறது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், இப்படி ஒரு முடிவுக்கு வர கீழே இருந்தவர்களுக்குப் போதுமான ஆதாரம் இருந்தது என்று சொல்லி மேல்முறையீட்டைத் தள்ளியது.

பல்கலைக்கழகத்தில் மாற்றங்களோடு படித்தார் என்ற அந்த ஒரு வரி இந்த வழக்கில் எவ்வளவு கனமாக நின்றது பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு ஸ்கூலில், காலேஜில் ஏதாவது சலுகை வாங்கியிருந்தால் அந்தக் காகிதத்தை வெளியே காட்டாமல் பீரோவுக்கு அடியில் வைப்பதுதான் வழக்கம். ‘நாளைக்கு வரன் பார்க்கும்போது பிரச்சனை வரும்’ என்பார்கள். வேலை விஷயத்திலும் அம்மாக்கள் சொல்வது ஒன்றுதான்: “கெடைச்ச பெறகு சொல்லிக்கலாம், இப்ப எதுக்கு?” அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லி இழந்தவர்களைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பிரிட்டனிலேயே நிலைமை ஒன்றும் வாழவில்லை. 2024 பிப்ரவரியில் சர் ராபர்ட் பக்லண்ட் தலைமையில் வந்த அரசு ஆய்வறிக்கையின்படி, வேலை செய்யும் வயதில் இருக்கும் ஆட்டிசம் உள்ளவர்களில் பத்துக்கு மூன்று பேருக்குத்தான் வேலை இருக்கிறது. வேலையில் இருப்பவர்களிலும் முழுவதும் வெளிப்படையாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 35 சதவீதம்தான். பத்தில் ஒருவர் அலுவலகத்தில் ஒருவரிடம்கூடச் சொல்லவில்லை.

860 பவுண்ட்

வென்றவருக்கு என்ன கிடைத்தது? 860 பவுண்ட் இழப்பீடு. அன்றைய மதிப்பில் எழுபதாயிரம் ரூபாய் வரும். கூடவே, எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆஸ்பெர்கர் உள்ளவர்களுக்கு ஏற்ப தேர்வுமுறையில் நெகிழ்வு வரும்படி பரிசீலிக்க வேண்டும் என்ற பரிந்துரை. வேலை கிடைக்கவில்லை.

இந்தத் தொகையை அந்தக் காலத்து நீதிமன்றக் கட்டணத்தோடு வைத்துப் பார்த்தால்தான் சுவை தெரியும். 2013 ஜூலையிலிருந்து அங்கே வேலைத் தகராறு வழக்குகளுக்குக் கட்டணம் வைத்திருந்தார்கள். பாகுபாடு வழக்கென்றால் தாக்கல் செய்ய 250, விசாரணைக்கு 950, மொத்தம் 1,200 பவுண்ட். வருமானம் குறைந்தவர்களுக்கு விலக்கு உண்டு. மேல்முறையீட்டுக்கு 400-உம் 1,200-உம், ஆக 1,600 பவுண்ட். அதாவது 860 பவுண்ட் தீர்ப்பை எதிர்த்து மேலே போக, அந்தக் கட்டணப் பட்டியலின்படி கட்டணம் மட்டுமே அதைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வக்கீல் செலவு தனி. தீர்ப்பு வந்து நான்கே மாதத்தில், 2017 ஜூலை 26 அன்று, யூனிசன் என்ற தொழிற்சங்கம் போட்ட வழக்கில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டண முறையையே சட்டவிரோதம் என்று அடித்தது.

இவ்வளவு செலவழித்து அந்த அமைப்பு காப்பாற்ற நினைத்தது எதை? பணத்தை இல்லை என்பது தெளிவு. ‘எங்கள் தேர்வுமுறை சரி’ என்ற ஒன்றைத்தான். ஒருவர் பதிலை ஒரு ஆள் உட்கார்ந்து படித்திருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

எப்படிச் சொன்னால் சொன்னதாகும்

இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய இன்னொரு வழக்கு உண்டு. ஏகாம் என்ற பொறியியல் நிறுவனம் சம்பந்தப்பட்டது, மேல்முறையீட்டுத் தீர்ப்பு 2023-இல் வந்தது. அதில் விண்ணப்பித்தவருக்கு இருந்தது டிஸ்ப்ராக்சியா, அதாவது உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் வரும் சிரமம். ஆட்டிசம் கிடையாது. ஆன்லைன் படிவத்தை நிரப்ப முடியவில்லை, போனில் விண்ணப்பிக்க விடுங்கள் என்றார். நிறுவனத்தின் மனிதவள மேலாளர், எந்தப் பகுதியில் சிரமம் என்று எழுதுங்கள் என்று திரும்பத் திரும்ப மெயில் போட்டார். விண்ணப்பித்தவர் விளக்கமாக எழுதவில்லை, போன் பண்ணுங்கள் என்பதையே திருப்பிச் சொன்னார். எழுதுவதில்தான் சிரமம் என்கிறவரிடம், அந்தச் சிரமத்தை எழுதிக் காட்டு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும், போட்டிருக்க வேண்டும் என்றது தீர்ப்பாயம். மேல்முறையீட்டிலும் அந்தப் பகுதி நின்றது. அவர் நிஜமாகவே அந்த வேலை வேண்டித்தான் விண்ணப்பித்தாரா என்ற வேறொரு கேள்விக்காக மட்டும் வழக்கு மறுபடி விசாரணைக்குப் போனது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, ‘எனக்கு ஆட்டிசம்’ என்ற இரண்டு சொல்லில் அலுவலகத்துக்கு ஒன்றுமே விளங்காது என்பதுதான். அந்தச் சொல்லைக் கேட்டதும் மேனேஜர் மனதில் ஓடுவது ஏதோ சினிமா. மேதை என்று நினைப்பார், இல்லையென்றால் கத்துவான் என்று பயப்படுவார். நாங்கள் எடுத்த ஒரு பெண், டெஸ்டிங் வேலைக்கு வந்தவர், சேர்ந்த மூன்றாவது வாரம் தன் டீம் லீடருக்கு எழுதிய மெயிலை அவர் அனுமதியோடு சொல்கிறேன். “எனக்கு ஆட்டிசம் உண்டு, அக்கா. மீட்டிங்கில் மூணு பேர் ஒரே நேரம் பேசினால் எனக்கு யார் சொன்னதும் பதியாது. எனக்குச் சொல்லும் வேலையை மீட்டிங் முடிந்ததும் சாட்டில் ஒரு வரி போட்டுவிட்டால் போதும். ஏசிக்குக் கீழே இருக்கும் அந்த சீட்டின் சத்தம் மதியத்துக்கு மேல் தாங்கவில்லை, ஜன்னலோர சீட் காலியாக இருக்கிறது, மாற்றிக்கொள்ளட்டுமா?” ஆட்டிசம் என்ற பெயர் ஒரே இடத்தில்தான் வருகிறது. மீதியெல்லாம் எங்கே இடிக்கிறது, என்ன செய்தால் சரியாகும். டீம் லீடர் அன்றே சீட்டை மாற்றினார். மெயிலைப் படிக்க ஆன நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் வேலை முடிந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அந்த மெயில் வந்ததும் மனிதவளப் பிரிவில் இருந்த இன்னொருவர், “இதை அந்தம்மா இன்டர்வியூவிலயே சொல்லியிருக்கணும்ல?” என்று கேட்டதையும் மறைக்கக்கூடாது. அந்தக் குரல் எல்லா ஆபீஸிலும் இருக்கும்.

நம் ஊர்ச் சட்டம்

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 நிலைகளைப் பட்டியலிடுகிறது, ஆட்டிசம் அதில் உண்டு. 1995-ஆம் வருடச் சட்டத்தில் இருந்தவை 7, அதில் ஆட்டிசம் கிடையாது. அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீட்டில் ஆட்டிசத்துக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் அதற்கு, பாதிப்பு குறைந்தது 40 சதவீதம் என்று சொல்லும் சான்றிதழ் வேண்டும், வளர்ந்த பிறகு தனக்கு ஆட்டிசம் என்று தெரிந்துகொண்டவர்களுக்கு அந்தச் சான்றிதழ் சுலபமாகக் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. இங்கே ஒரு நல்ல திருப்பம் உண்டு. 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், நியாயமான மாற்றம் கேட்கும் உரிமை 40 சதவீதக்காரர்களுக்கு மட்டும் என்று சுருக்க முடியாது என்றது. அந்த வழக்கே, எழுதும்போது கை இழுத்துக்கொள்கிற ஒருவர் யூ.பி.எஸ்.சி. தேர்வில் எழுதித்தர ஆள் கேட்டதுதான். தேர்வின் வடிவத்துக்கும் தேர்வு எழுதுகிறவருக்கும் நடுவிலான தகராறு அங்கேயும்.

தனியார் வேலையில் கதை மெலிந்துவிடுகிறது. வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது, மாற்றம் செய்துதர வேண்டும் என்று சொல்லும் 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களைப் பெயர் சொல்லித்தான் கட்டுகிறது. தனியாருக்கு இருப்பது 21-ஆம் பிரிவு: சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடமென்றால் அதில் என்னென்ன வசதி, யாரை அணுகுவது என்பதெல்லாம் இருக்க வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. வேலைக்குப் போகும் முன் அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள் என்பேன். சில இடங்களில் அப்படி ஒன்று இருப்பதே மனிதவளப் பிரிவுக்குத் தெரியாது. அதுவும் ஒரு தகவல்தான்.

எங்கள் கொள்கை வெப்சைட்டின் அடியில், குக்கீ அறிவிப்புக்குப் பக்கத்தில், நாலு பக்க பிடிஎஃபாகக் கிடந்தது. அதில் ‘தேவைக்கேற்ற மாற்றங்கள் செய்து தரப்படும்’ என்று இருந்தது. விண்ணப்பப் பக்கத்திலோ அந்த மூன்று விடை. இந்தத் தீர்ப்பைப் படித்த வாரம், தேர்வு மென்பொருள் தரும் கம்பெனிக்குப் போன் செய்து, அந்தப் பட்டியலுக்குக் கீழே விண்ணப்பிப்பவரே தன் சொல்லில் எழுத ஒரு காலிக் கட்டம் வேண்டும் என்று கேட்டேன்.

“எத்தனை கேரக்டர் சார்?”

“ஆயிரம் வைங்க.”

“250-க்கு மேல சிஸ்டம் எடுக்காது சார்.”

“சரி, 250.”

“அதை யார் சார் படிப்பா? ரிப்போர்ட்ல அந்தக் கட்டம் வராது, தனியா ஓப்பன் பண்ணித்தான் பாக்கணும்.”

என் மெயில் ஐடியைக் கொடுத்தேன்.